பழைய எம்எக்ஸ்-5 என்ஏ: பம்ப் ஸ்டொப் தூளாப் போச்சு, எதைப் போடுறது நல்லம்?

வெள்ளவத்தை_ரோட்ஸ்டர்:

வணக்கம் அண்ணாமார். என்னட்ட இருக்கிறது 1992 யூனோஸ் ரோட்ஸ்டர், அதாவது மாஸ்டா எம்எக்ஸ்-5ன்ட முதல் தலைமுறை (என்ஏ), 1600 எஞ்சின், ஜப்பான்ல இருந்து வந்த கார். முந்தி வச்சிருந்தவர் காரைப் பதிக்கிற லோவரிங் ஸ்பிரிங் போட்டிருக்கிறார், எந்த பிராண்ட் எண்டு தெரியேல்ல, பெயின்ட் எல்லாம் போயிட்டு. ஷொக் நாலும் நல்லா இருக்கு, ஒயில் கசிவு ஒண்டும் இல்லை.

பிரச்சினை என்னெண்டா சின்ன ஸ்பீட் பிரேக்கர்ல கூட டொக் எண்டு ஒரு அடி. நாரஹேன்பிட்டிப் பக்கம் அந்த களனிவெளி லைன் ரயில் கடவை இருக்குத்தானே, அதில ஆமை வேகத்தில ஏறினாலும் ஸ்டியரிங் வரைக்கும் அடிக்குது. அதைக் கூட தாங்கலாம். தெற்கு ஹைவேயில 90, 100ல போகேக்க பாலத்து மூட்டு ஒண்டு வளைவோட சேர்ந்து வந்தா பின்பக்கம் சட்டெண்டு பக்கத்துக்கு நகருது. அதுதான் உண்மையாவே பயம். மனிசி இப்ப இந்தக் கார்ல ஹைவேக்கு வரமாட்டன் எண்டு சொல்லிட்டா.

போன சனிக்கிழமை பின் வீல் கழட்டி டஸ்ட் கவரை மேல தூக்கி டோர்ச் அடிச்சுப் பார்த்தன். கறுப்பா ஏதோ ஸ்பொஞ்ச் துண்டு, விரல் பட்டதும் புட்டு மா மாதிரி உதிர்ந்து கையெல்லாம் ஒட்டிச்சுது. அதுதான் பம்ப் ஸ்டொப், ஷொக் அமுங்கி முடியேக்க அடியை வாங்கிற துண்டு எண்டு பிறகு தேடிப்பார்த்துத்தான் தெரிஞ்சுகொண்டன், பாதிக்கு மேல இல்லை.

கேட்ட இடத்தில எல்லாம் ஒவ்வொரு கதை. பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையில ஒருத்தர் வேற ஏதோ கார்ட ஸ்டொப் தாறன், ஷொக் கம்பியில இறங்கும், வெட்டிப் போடுங்கோ எண்டார். ஒரு கராஜ்ல கார் இறக்கித்தானே இருக்கு, ஸ்டொப்பே தேவையில்லை, கழட்டி எறிஞ்சா ஷொக்குக்கு இன்னும் இடம் கிடைக்கும் எண்டினம். இன்னொருத்தர் லேத்ல கட்டி பொலியூரத்தேன்ல கடைஞ்சு போட்டா வாழ்நாளுக்கும் தேயாது எண்டார். எனக்கு எதை நம்புறது எண்டு விளங்கேல்ல. மாத்துறது எண்டா ஒரேயடியா நல்லதாப் போட விருப்பம், காரை விக்கிற எண்ணம் இல்லை. தெரிஞ்சவை சொல்லுங்கோ.

---

பழைய_இரும்பு:

தம்பி, முதல்ல அந்தக் கராஜ்காரர் சொன்னதை மறந்திடுங்கோ. ஸ்டொப் இல்லாம ஓடினா ஷொக் முழுசா அமுங்கி உள்ளுக்க பிஸ்டன் போய் அடி வால்வில இரும்போட இரும்பு முட்டும், அதுக்குப் பிறகு நீங்கள் நாலு ஷொக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டி வரும், ஷொக்கின்ட மேல் நுனியை பொடியோட பிடிக்கிற டொப் மவுண்டும் வெடிக்கும். இப்ப உங்களுக்குக் கேக்கிற அந்த டொக்கே அதுக்குக் கிட்டத்தான் இருக்கு. மாத்திற வரைக்கும் ஹைவே வேண்டாம், பாரமும் ஏத்தாதையுங்கோ.

பம்ப் ஸ்டொப் எண்டுறது கடைசியில எப்பவாவது முட்டுற றப்பர் துண்டு எண்டுதான் கன பேர் நினைச்சுக்கொண்டிருக்கினம். என்ஏல அது ரெண்டாவது ஸ்பிரிங். இந்தக் காரில ஷொக்குக்கு இருக்கிற ஓட்டமே கொஞ்சம், 1989ல மாஸ்டா வெளியில விடேக்கயே ஃபக்டரி உயரத்தில ஒரு நல்ல வளைவில சாய்ஞ்சா வெளிப்பக்க வீல் ஸ்டொப்பைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அது பழுது இல்லை, அப்பிடி நினைச்சே செய்திருக்கிறாங்கள். அதுக்கு மேல நீங்கள் காரை இறக்கினா என்ன நடக்கும்? தொட இருந்த இடைவெளியையும் தின்னுட்டீங்கள், இப்ப நேரா ஓடேக்கயே கார் பாதி நேரம் ஸ்டொப்பில தங்கித்தான் ஓடுது.

ஹைவேயில பின்பக்கம் நகர்றதுக்கும் இதுதான் காரணமா இருக்க வேணும். வளைவில வெளிப்பக்க பின் வீல் ஏற்கெனவே அமுங்கி இருக்கு, அதுக்கு மேல மூட்டு ஒண்டில ஏறினதும் ஸ்டொப்பில அடிச்சு அந்த மூலையின்ட ஸ்பிரிங் பலம் ஒரு நொடியில பல மடங்காகுது, டயரால தாங்க ஏலாம வழுக்குது. முன்பக்கம் அடிச்சா மூக்கு வெளியில ஓடும், பின்பக்கம் அடிச்சா வால் வெளியில வரும். 950 கிலோ சொச்சம் உள்ள, வீல்பேஸ் குறைஞ்ச காருக்கு இது விளையாட்டில்லை. மனிசி சொல்றதில நியாயம் இருக்கு.

என்ன போடுறது எண்டா நுண்ணறை பொலியூரத்தேன், அதாவது உள்ளுக்க கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காத்துக் குமிழ் நிறைஞ்ச ஃபோம். ஜேர்மன் பிஏஎஸ்எஃப் கம்பனி செல்லாஸ்டோ எண்ட பேரில செய்யிறது இந்த வகைதான், இப்ப வாற கார் கனக்கவற்றில இதுதான் இருக்கு. சாதா றப்பரை அமத்தினா அதுக்குப் போக இடமில்லை, பக்கத்துக்குப் பிதுங்கும், பாதி உயரம் வந்ததும் கல்லாகிடும். இந்த ஃபோமில குமிழ் நசுங்கிறதால பக்கத்துக்கு அவ்வளவாப் பிதுங்காது, தன்ர உயரத்தில மூண்டில ஒரு பங்கு மட்டும் மிஞ்சிற அளவுக்குக் கூட அமுங்கும், தொடக்கத்தில மெத்தெண்டு தொட்டு போகப்போகத்தான் இறுகும். நுனி கூராவும் இடையில வளையம் வளையமாவும் இருக்கிறது அதுக்குத்தான்.

ஆனா வாங்க முதல் அளந்து பாருங்கோ. அளக்காம எந்த நீளம் எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது, நான் உட்பட. டஸ்ட் கவரை மேல தூக்கிக் கட்டிட்டு, ஷொக் கம்பியில ஒரு கேபிள் டை போடுங்கோ, இறுக்க வேண்டாம், தள்ளினா நகருற அளவுக்கு. அதை ஷொக் உடம்பு வரைக்கும் கீழ தள்ளி விட்டுட்டு வழமையாப் போற ரோட்ல ஒரு ரவுண்ட் போயிட்டு வந்து பாருங்கோ, ஷொக் எவ்வளவு அமுங்கினதோ அவ்வளவுக்கு அது மேல ஏறி நிக்கும். கார் நிலத்தில நிக்கேக்க ஷொக் உடம்பின்ட தலையில இருந்து டொப் மவுண்ட் தகடு வரைக்கும் எத்தினை மிமீ எண்டும் எடுங்கோ. நாலு மூலையும். அந்த இலக்கங்களைப் போடுங்கோ, பிறகு கதைப்பம்.

---

கொட்டாஞ்சேனை_லேத்:

அண்ணே, நான் லேத்ல வேலை செய்றவன், நைலோன் புஷ், பொலியூரத்தேன் புஷ் எல்லாம் தினமும் கடையிறோம், அதனால அந்த வாழ்நாளுக்கும் தேயாதுங்கிற கதைக்கு நானே பதில் சொல்றேன். தேயாதுங்கிறது உண்மைதான். அதான் பிரச்சினையே. கட்டி பொலியூரத்தேன் லேசுல அமுங்காது, அது அமுங்கலன்னா அந்த அடி எங்க போகும்? ஷொக் மவுண்டுக்கும் பொடிக்கும்தான் போகும். 30 வயசு தாண்டின பொடி, கொழும்பு உப்புக்காத்துல நிக்கிற கார், பின் டொப் மவுண்ட் உக்கார்ற தகட்டுல துரு இருந்தா வெல்டிங் கூட விட்டுடும். ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷுக்கு கட்டி பொலி போடுங்க, அங்க அது நல்லா வேலை செய்யும், நானே செஞ்சு தர்றேன். ஸ்டொப்புக்குக் கேட்டு வர்றவங்களை நான் திருப்பித்தான் அனுப்புறது.

இன்னொன்னு, உங்க ஸ்டொப் ஏன் அப்படி உதிர்ந்துச்சுன்னு யாரும் சொல்லல. வயசு மட்டும் காரணமில்ல. பொலியூரத்தேன்ல ரெண்டு ஜாதி இருக்கு, எஸ்டர், ஈதர். எஸ்டர் வகைக்கு ஈரமும் சூடும் சேர்ந்தா ஆகாது, காத்துல இருக்கிற நீராவியே அதோட இணைப்பை மெதுவா அறுத்துடும், முதல்ல பிசுபிசுப்பா ஆகும், அப்புறம் தூளாகும். நம்ம ஊரு வருஷம் பூரா ஈரமும் சூடும்தான். ஜப்பான்ல குளிர் நாட்டுல நிக்கிற அதே காரோட ஸ்டொப் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப் பிடிக்கும். அதனால வாங்கும்போது ஈதர் வகையான்னு கேளுங்க, விக்கிறவனுக்குத் தெரியலன்னாலும் பரவால்ல, கேட்டு வைங்க. பழசா ஸ்டோர்ல கிடந்த புது ஸ்டொப்னு யாராவது கொடுத்தா வாங்காதீங்க, பெட்டியிலேயே கெட்டுப்போயிருக்கும். நகத்தால அழுத்திப் பாருங்க, அழுத்தின குழி உடனே திரும்பி வரணும், கையில ஒட்டக்கூடாது.

டஸ்ட் கவர் கிழிஞ்சிருந்தா அதையும் மாத்துங்க. உள்ள போற மண்ணு கம்பியைக் கீறும், கம்பி கீறினா சீல் போகும். கடற்கரைப் பக்கம் வீடுன்னா அந்தக் கம்பியில புள்ளி புள்ளியா துரு வர்றதை நான் எத்தனையோ ஷொக்ல பாத்துட்டேன்.

---

தெமட்டகொட_டர்போ:

மச்சான் எல்லாரும் ஸ்டொப் ஸ்டொப் என்டு கதைக்கிறீங்க, எனக்கு விளங்கின வரைக்கும் அசல் வருத்தம் அந்த ஸ்பிரிங். யார் செஞ்ச ஸ்பிரிங் என்டே தெரியாது, எவ்வளவு எறக்குது என்டும் தெரியாது, அதுக்கு மேல எந்த ஸ்டொப்ப போட்டும் என்ன? அத கழட்டிப் போட்டுட்டு ஒரு நல்ல கொயிலோவர் செட் (ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒன்டா வாறது) போடுங்க, உயரத்த நீங்களே கூட்டலாம் குறைக்கலாம், ஸ்டொப்பும் அதோடயே வரும். கட்டுக்குருந்தை ரேஸ் ட்ரக்ல ஓட்டுற பொடியன்கள் யாரும் பழைய ஷொக்ல ஸ்டொப் மாத்திட்டு போறல்ல.

அதோட கொஞ்சம் இறுக்கமான ஸ்டொப் அவ்வளவு மோசமில்ல. ரேஸ் ட்ரக்ல அது கார நிமித்திப் பிடிக்கும், கன பேர் அத நினைச்சே போடுறாங்க.

---

பழைய_இரும்பு:

தெமட்டகொட தம்பி, ஸ்பிரிங் விசயத்தில நீங்கள் சொல்றது சரி, அதை நான் மறுக்கேல்ல. ஆனா ரேஸ் ட்ரக் கதை வேற. அங்க ரோட் சமதரை, ஸ்பிரிங்கே ரெண்டு மூண்டு மடங்கு இறுக்கமாப் போட்டிருப்பினம், அதால ஓட்டம் கனக்கத் தேவைப்படாது. இவர் போறது காலி வீதி, பேஸ்லைன், மேன்ஹோல் மூடி ஒண்டு தாழ ஒண்டு உயர இருக்கிற ரோட். இங்க ஓட்டம்தான் சொத்து. மலிவு கொயிலோவர் கனக்கவற்றில ஷொக் உடம்பு நீளம், கீழ இறக்கினதும் அதே ஸ்டொப் பிரச்சினை திரும்ப வரும், காசு மட்டும் போயிருக்கும். நல்லது வாங்க வசதி இருந்தா வாங்கலாம், ஆனா இவரிட்ட ஷொக் நாலும் நல்லா இருக்கு எண்டு சொல்றார். நல்லா இருக்கிறதை ஏன் எறிய வேணும்?

---

வெள்ளவத்தை_ரோட்ஸ்டர்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விபரமா ஒருத்தரும் சொல்லித் தரேல்ல.

அளந்திட்டன். உடம்பின்ட தலையில இருந்து டொப் மவுண்ட் வரைக்கும் முன்னுக்கு ரெண்டு பக்கமும் 75 மிமீ அளவில, பின்னுக்கு 70. பின்பக்கம் மிஞ்சி இருக்கிற ஸ்டொப்பைப் பார்த்தா உயரம் சரியாச் சொல்ல ஏலாது, முன்னுக்கு கொஞ்சம் முழுசா இருக்கு, 50க்குக் கிட்ட வருது. பின்பக்கம் கேபிள் டை நேரா மேல போய் தகட்டோட ஒட்டிக்கொண்டு நிக்குது, ரெண்டு பக்கமும். பொடிக்குக் கீழ, ஜக் வைக்கிற அந்த மடிப்புத் தகட்டில இருந்து நிலத்துக்கு முன்னுக்கு நாலே கால் அங்குலம்.

இப்ப எந்த நீளம் பார்க்கிறது? மற்றது ஸ்டொப்பை வெட்டலாமோ?

---

பழைய_இரும்பு:

தகட்டோட ஒட்டினதா? அப்ப பின்னுக்கு ஸ்டொப் எண்டு ஒண்டு வேலை செய்யவே இல்லை, ஷொக் உடம்பு நேரா மேல போய் முட்டுது. ஹைவே வேண்டாம் எண்டு சொன்னதை திரும்பச் சொல்றன், கட்டாயம்.

கணக்கைப் பாருங்கோ. பின்னுக்கு 70 இருக்கு. 50 மிமீ றப்பர் ஸ்டொப் போட்டா வெறும் இடைவெளி 20, அதுக்குப் பிறகு றப்பர் பாதி அமுங்கினா இன்னும் 25, ஆக 45. அதே 50 மிமீல நல்ல ஃபோம் போட்டா அது 17 வரை அமுங்கும், ஆக 53. அதையே 36 மிமீ ஃபோம் எண்டு வச்சுப் பாருங்கோ, இடைவெளி 34 ஆகுது, அமுங்கினா 12 மிஞ்சும், ஆக 58 மிமீ ஓட்டம். றப்பரை விட 13 மிமீ கூட. ஷொக் கீழ் ஆர்ம்ல வீலுக்கு உள்பக்கமா பிடிச்சிருக்கிறதால ஷொக் 13 போனா வீல் அதை விடக் கூடப் போகும். அதோட முக்கியம், அந்தக் கடைசி 24 மிமீயும் படிப்படியா இறுகிக்கொண்டு வரும், டொக் எண்டு இல்லை. அதால பின்னுக்கு 35, 36 மிமீ, முன்னுக்கு 40 கிட்ட பார்க்கலாம். இன்னும் கட்டையாப் போட்டா ஓட்டம் கூடும் எண்டு ஆசை வரும், ஆனா சின்ன ஸ்டொப்புக்கு அடியை வாங்கிற தூரமும் குறைவு, பெரிய குழியில கல்லு மாதிரித்தான் முடியும்.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேணும். நாலே கால் அங்குலம் இந்த ஊர் ரோட்டுக்குப் போதாது. நாலரைக்குக் கீழ போறதை நான் எந்த என்ஏக்கும் சொல்லமாட்டன், கொழும்புக்கு எண்டா அஞ்சு. ஸ்டொப் மாத்திறதோட சேர்த்து ஃபக்டரி ஸ்பிரிங் ஒரு செட் தேடுங்கோ, லோவரிங் போட்ட ஆக்கள் கழட்டி வச்சது பெரும்பாலும் மூலையில கிடக்கும், விலையும் பெரிசா இருக்காது. அதைப் போட்டா ஷொக்கின்ட இடைவெளி இன்னும் கூடும், அப்ப 36ஐ விடக் கொஞ்சம் நீள ஸ்டொப் போட்டாலும் தாங்கும். எது முதல் எண்டு கேட்டா, ஸ்பிரிங் முதல், திரும்ப அளந்து அதுக்குப் பிறகு ஸ்டொப். மனிசருக்குப் பொறுமை இல்லாததாலதான் ரெண்டு தரம் காசு செலவழிக்கினம். 1998ல வந்த ரெண்டாம் தலைமுறை, என்பி மொடலின்ட டொப் மவுண்ட் செட் கிடைச்சாலும் விடாதையுங்கோ, அது கொஞ்சம் கூட ஓட்டம் தரும், தேவையான பாகங்களோட சேர்த்து எடுத்தா என்ஏல ஏறும்.

வெட்டலாம். வெட்டினா தடிச்ச பக்கத்தில இருந்து, வளையத்தின்ட பள்ளத்தில, கூரான பிளேடால நேரா. கூர் நுனியை வெட்டினா மெத்தெண்டு தொடுற பகுதியே போயிடும், பிறகு நீங்கள் காசு குடுத்து வாங்கினதுக்கு அர்த்தம் இல்லை.

---

கொட்டாஞ்சேனை_லேத்:

நடு ஓட்டையையும் பாருங்க அண்ணே. ஷொக் கம்பியோட விட்டம் வேர்னியர்ல எடுத்துட்டுப் போங்க, கடைக்காரர் கண்ணால பாத்து சரின்னு சொல்றதை நம்பாதீங்க. ஓட்டை பெருசா இருந்தா ஸ்டொப் கம்பியில ஆடும், ஒரு பக்கமா சாஞ்சு அமுங்கும், அந்தப் பக்கம் சீக்கிரம் பிஞ்சிடும். ஸ்டொப் வந்து முட்டுற ஷொக் தலையில தட்டையான மூடி இருக்கான்னும் பாருங்க, இல்லாம நேரா சீல் மேல முட்டினா சீல் போயிடும். மூடி இல்லன்னா ஒரு அலுமினிய வாசர் கடைஞ்சு போடலாம், அது லேத்ல சின்ன வேலைதான்.

---

தெமட்டகொட_டர்போ:

சரி ஃபக்டரி ஸ்பிரிங் கதைக்கு நானும் ஒத்துக்கொள்றன், அது சரியான கதை. டெல்கந்தைலயும் ஒருக்கா கேட்டுப் பாருங்க, பஞ்சிகாவத்தைல இல்லாத சாமான் சில நேரம் அங்க கெடைக்கும். ஜப்பான்ல இருந்து எடுக்கிறென்டா ஸ்டொப், டஸ்ட் கவர், டொப் மவுண்ட் றப்பர் எல்லாம் ஒரே பார்சல்ல எடுங்க, தனித்தனியா எடுத்தா அனுப்புற கூலி சாமான விட வரும்.

கழட்டுற நேரம் கவனிக்க வேண்டியது: பின்னுக்கு டொப் நட் ரெண்டும் டிக்கிக்குள்ள கார்பட்டுக்குப் பின்னால இருக்கும். வலது பக்கம் பெட்டரி மறைக்கும், அத வெளிய எடுத்துடுங்க. இடது பக்கம் பெற்றோல் ஊத்துற குழாய் போகும், அங்க கை போறது கஷ்டம், நீட்டு எக்ஸ்டென்ஷன் வேணும். கீழ ஆர்ம் நீட்டுப் போல்ட் பின்னுக்கு துருவில பிடிச்சு இருக்கும், முதல் நாள் ராவே ஒயில் அடிச்சு ஊற விடுங்க, பலவந்தமா அடிச்சா போல்ட் முறியும். ஸ்பிரிங் கொம்பிரசர் நல்லதா ஒன்ட எடுங்க, கயிறு கம்பி கட்டி செய்ற பாஸ்மார்ட குடுக்காதீங்க, அது வழுக்கினா கை போகும்.

---

வெள்ளவத்தை_ரோட்ஸ்டர்:

நன்றி அண்ணாமார். ஸ்பிரிங் தேடத் தொடங்கிட்டன், ராஜகிரியப் பக்கம் ஒருத்தரிட்ட ஃபக்டரி செட் இருக்காம், ஞாயிறு போய்ப் பார்க்கிறன். ஒரு கடைசிக் கேள்வி, இதெல்லாம் பூட்டினாப் பிறகு எலைன்மன்ட் செய்ய வேணுமோ?

---

பழைய_இரும்பு:

உயரம் மாறினா கட்டாயம் செய்ய வேணும், வீல் நிக்கிற சாய்வும் (கேம்பர்) திசையும் (டோ) மாறும். ஆனா உடனே போகாதையுங்கோ, ஸ்பிரிங் ஒரு கிழமை ஓடி உக்கார விடுங்கோ. அதுக்கு முதல் இதைச் செய்யுங்கோ: ஆர்ம் போல்ட், ஷொக் கீழ்ப் போல்ட் எல்லாத்தையும் கார் ஜக்ல தொங்கேக்க கையிறுக்கமா மட்டும் விட்டுட்டு, நாலு வீலும் நிலத்தில நிக்க, காரை ரெண்டு தரம் முன்னும் பின்னும் உருட்டினாப் பிறகுதான் டோர்க் ரென்ச்சால முழுசா இறுக்க வேணும். தொங்கேக்கயே இறுக்கினா றப்பர் புஷ் முறுகின நிலையில பிடிபட்டிடும், உயரமும் பொய் காட்டும், புஷ்ஷும் கெதியாக் கிழியும். கராஜ்ல குடுக்கிறீங்கள் எண்டா பக்கத்தில நிண்டு இதை மட்டும் பாருங்கோ, கன இடத்தில அவசரத்துக்கு மேலயே இறுக்கி விட்டிடுவினம். புது அளவுகளை எடுத்து இங்க போடுங்கோ, ஸ்டொப் ஓடர் பண்ண முதல் ஒருக்கா பார்ப்பம்.